குழாயில் சுற்றிய எர்த் ஒயர்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் பிளக் பாயிண்டுகளுக்கு மூன்று ஓட்டை உண்டு. மேல் ஓட்டை ஒப்புக்குச் சப்பாணி. பின்னால் எர்த் ஒயரே கிடையாது. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் கம்ப்யூட்டரை வாங்கி அதில்தான் செருகினேன். அதன் தகரப் பெட்டியில் கை பட்டால் எறும்பு கடித்தாற்போல் சுள்ளென்றது.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னாள் மனைவி. என் மூளை சும்மா இருக்குமா? பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து, கொல்லையில் இருந்த இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்டேன். பூமிக்குள் போகிற குழாய்தானே! கடி நின்றது. பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

சித்திரையில் வீட்டுச் சொந்தக்காரர், துருப்பிடித்துவிட்டதென்று மண்ணுக்குள் கிடந்த குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்டார். மேலே நின்ற முழ நீள இரும்பும் திருகும் அப்படியே இருந்தன. தோண்டியவர்களுக்கு நான்தான் மோர் கொடுத்தேன். ஒயர் கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை.

மறுநாள் காலை, தளிகைக்கு மடியாக ஜலம் பிடிக்க, குளித்த ஈரப் புடவையோடு மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நான் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

"ஏன்னா!"

ஒரே ஒரு அலறல். ஓடினேன். குழாயைப் பிடித்த கை விடவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. தொட்டு இழுக்கப் போனவன் மூன்றடி தள்ளி நின்றுவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்து நிற்கவில்லை; என் உயிருக்குப் பயந்து நின்றேன். அப்போதுதான் அந்தச் சிவப்பு ஒயரைப் பார்த்தேன். உள்ளே ஓடி ஸ்விட்சை அணைத்தேன். கொல்லையில் குடம் உருளும் சத்தம் கேட்டது.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அவளைச் சுட்டது. உள்ளங்கையில் கொப்புளத்தோடு பிழைத்தாள்.

"பெட்டிக்குள்ள ஒயர் ஏதோ தகரத்துல தட்டியிருக்கு சார்," என்றார் அன்றே வந்த எலெக்ட்ரீஷியன். "கீழ பிளாஸ்டிக். கரண்டு அவங்க வழியாத்தானே பூமிக்குப் போகும்? நல்லவேளை, நீங்க தொடலை." குழாயில் இருந்த ஒயரை அவிழ்த்தெறிந்து, குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, முறையாக எர்த் கொடுத்துவிட்டுப் போனார்.

"நல்லவேளை, நிதானமா நின்னேள்," என்று அவளும் எல்லோரிடமும் என்னை மெச்சுகிறாள். நான் திருத்தவில்லை.

இன்றும் காலையில் குழாயடியில் நின்று கேட்கிறாள்: "ஏன்னா, பெட்டிய அணைச்சாச்சா?"

"ஆச்சு" என்கிறேன். உடனே தொட்டுவிடுகிறாள். நான் ஓடிப்போய் ஸ்விட்சை இன்னொரு தரம் பார்க்கிறேன்.