வெள்ளை படிந்த குச்சிகள்

உலகச் சண்டைக் காலம். அரிசி கிடைக்காமல், பாகூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அடுத்த நடவுக்கு வேப்பமர நிழலில் சாய்த்து வைத்திருந்த மரவள்ளிக் குச்சிகளைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைச் செதில் பூச்சி. சுரண்டினால், அடியில் கணு காய்ந்திருந்தது. நட்டால் கொல்லையே போய்விடும். எல்லாவற்றையும் கொளுத்தினேன். பிள்ளைகளுக்கு இனி என்ன போடுவேன்?

புகையைப் பார்த்துப் பக்கத்துக் கொல்லை அஞ்சலை ஓடிவந்தாள்.

“இன்னாடி, எல்லாத்தையும் எரிச்சிட்டியா?”

“பூச்சி அக்கா. நடறதுக்கு ஒண்ணுமில்ல.”

போனவள் ஒரு கட்டுக் குச்சியோடு திரும்பினாள். கணுக்கணுவாகத் திருப்பிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

“போன வருசம் உன் வூட்டுக்காரரு குடுத்த குச்சியில வெளஞ்சதுதான். எடுத்துக்க.”

அன்று அவர் அள்ளிக் கொடுத்ததற்குத் திட்டியவள் நான். இப்போதெல்லாம் நடவுக்கு முன்னால் முதலில் ஒரு கட்டுக் குச்சியை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன். ஊரில் அதைத் தருமம் என்கிறார்கள். எனக்கு அது, மறுபடி பூச்சி விழுந்தால் என்ற பயம்.