சங்கு கேட்கும் தூரம்

எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ரயில் நிலையத்துக்கு அப்பால், பாறைக் குன்றின் அடியில் ஒரு புங்கமரம் நிற்கிறது. சென்ற மாதம் அதன் நெஞ்சில் ஆணி அடித்து ஒரு பதாகையைத் தொங்கவிட்டிருந்தார்கள். இக்குன்றில் முதன்முறையாகப் பெண்கள் ஏறுகிறார்கள் என்று அதில் பெரிய எழுத்தில் கண்டிருந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த பெண்பிள்ளைகள் அதன்கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நல்ல பிள்ளைகள். பாறையில் கிடந்த குப்பையையெல்லாம் பைகளில் பொறுக்கிக்கொண்டுதான் இறங்கினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. முதன்முறை என்ற அந்த ஒரு சொல்லின்மேல்தான் கோபம். விடியற்காலை தோறும் பதிகம் ஓதுகிறவளுக்குச் சினம் ஆகாது என்பதை அறிவேன். எத்தனையோ சினங்களை ஈசன் திருவடியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் வைத்தாலும், வாசல் தாண்டும்முன் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அந்த மரத்தை நட்டவள் என் அத்தை, என் தந்தையின் தங்கை.

சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் லயனில் ஆண்களுக்குப் பந்து மைதானம் இருந்தது, சீட்டுக்கட்டு இருந்தது, கள்ளுக்கடை இருந்தது. பெண்களுக்குக் குழாயடி இருந்தது. பேத்தமங்களா ஏரியிலிருந்து வரும் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருப்பதே அவர்களுடைய பொழுதுபோக்கு. வடாற்காட்டு மலையடிவாரத்தில் சுள்ளி பொறுக்கி வளர்ந்த அத்தைக்கு இது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குன்றின்மேல் ஏறினாள். அடுத்த வாரம் என் தாயையும் இழுத்துக்கொண்டு போனாள். ஏறியவள் மறுமுறை வரும்போது ஏறாதவள் ஒருத்தியைக் கையோடு கூட்டிவர வேண்டும், அவளுக்குத் தானே அடிவைக்கக் கற்றுத்தர வேண்டும் என்பது அத்தை இட்ட சட்டம். குதிகாலை நம்பாதே, விரல்களை நம்பு. புல்லைப் பிடிக்காதே, பாறையைப் பிடி என்று அத்தை சொல்லிக்கொடுத்ததை, சில வாரங்களில் என் தாய் தன் தம்பி மனைவிக்கு, அதாவது என் மாமிக்கு, சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

குன்றின் பாதி உயரத்தில் ஒரு சுனை இருந்தது. தூர்ந்து, பாசி மண்டிக் கிடந்த அதைப் பெண்கள் இறங்கித் தூர்வாரினார்கள். தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சாம்பல் மண், சயனைட் மேடு என்ற பெயரில் எங்கள் லயனுக்குப் பக்கத்திலேயே மலைபோல் நின்றது. காற்று வீசினால் அந்தத் தூள் உலையிலும் விழும், தொட்டிலிலும் விழும். அதைத் தடுக்கக் குன்றடியில் மரவரிசை வைக்க வேண்டும் என்று அத்தை சொன்னாள். காய்கறி வண்டிக்காரரிடம் சொல்லிவைத்து ஏரி வண்டல் வரவழைத்துப் புங்கங்கன்றுகளை நட்டார்கள். சுனைத் தண்ணீரைக் குடத்தில் இறக்கி அவற்றுக்கு ஊற்றினார்கள். வேலை முடிந்ததும் உச்சிப்பாறையில் உட்கார்ந்து சிரித்தார்கள். என் தாயின் கடைவாய்ப் பற்களை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் இருந்தது. அதை எவரும் விதிக்கவில்லை; எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. சுரங்கத்துச் சங்கு கேட்காத தூரத்துக்குப் போகக்கூடாது. ஷிப்ட் மாறும் வேளைகளில் சங்கு ஊதும். வேளை தவறி ஊதினால் கீழே பாறை வெடித்திருக்கிறது என்று பொருள். அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓட வேண்டும். சுரங்கத்துக்குள் ஊறும் நிலத்தடி நீருக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. ஆகையால் பம்ப் வேலைக்காரர்களான என் தந்தையும் அத்தையின் கணவரும் ஞாயிறன்றும் கீழே இறங்குவார்கள். அத்தை இந்தக் குன்றைத் தேர்ந்தெடுத்ததே, இதன் உச்சியிலும் சங்கு தெளிவாகக் கேட்கும் என்பதால்தான்.

கடைசியாக வந்து சேர்ந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. உறவில்லை, அப்படித்தான் அழைப்போம். அவருடைய கணவர் சில ஆண்டுகளுக்கு முன் பாறை வெடிப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. வீட்டை விட்டு வெளியே வராதவரை அத்தை வாசலில் போய் நின்று நின்று அழைத்து வந்தாள். முதல் நாள் சுனைவரைக்கும்தான் ஏறினார். போகப்போக உச்சிக்கும் வந்தார்.

ஆண்களுக்கு இது பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு தாமதமாயிற்று. பழைய இரும்புக் கடை வைத்திருந்த என் தாய்மாமனைக் கடைத்தெருவில் எல்லாரும் சீண்டினார்கள்.

"இன்னாபா, உங்க வூட்டு ஆடுங்கள்லாம் மலையில மேயுதாமே?"

மாமன் வேடிக்கைக்காரர். எங்கள் குடும்பத்தில் அவருக்கு அதுதான் பெருமை. யாரோ ஏலத்தில் எடுத்துப் போட்ட, கையால் சுற்றும் ஊதுகருவி ஒன்று அவர் கடையில் துருப்பிடித்துக் கிடந்தது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அது சுரங்கச் சங்கைப் போலவே அலறும். நாடகங்களுக்கு இரவல் கொடுத்துவந்த அதை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம் கூட்டாளிகளுடன் சயனைட் மேட்டின்மேல் தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் உச்சிப்பாறையில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தோம். மாமி ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த வேளையில் அது ஊதியது.

சிரிப்பு எப்படி நின்றது என்பதை எழுத எனக்குத் தமிழ் போதாது. ஒருவரும் கத்தவில்லை. எழுந்தார்கள், இறங்கினார்கள். விரல்களை நம்பு என்று கற்றவர்கள் எதையும் நம்பாமல் இறங்கினார்கள். என் தாய் சறுக்குப் பாறையில் விழுந்து, முழங்கால் கிழிந்து, எழுந்து, மறுபடியும் ஓடினாள். அத்தை என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். தூக்கும் வயதைக் கடந்திருந்தேன் நான், ஆனாலும் தூக்கிக்கொண்டாள். எல்லாருக்கும் முன்னால் பெரியம்மா ஓடினார். மூச்சு வாங்குகிறது என்று சுனையருகே உட்கார்ந்துவிடுகிறவர், முடி அவிழ்ந்து தொங்க, செருப்பில்லாமல் ஓடினார்.

ஷாஃப்ட் வாசலில் கூட்டமில்லை. காவலாளி புரியாமல் விழித்தான். உள்ளே, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜின் சக்கரம் எப்போதும்போல் சுழன்றுகொண்டிருந்தது. வேலியோரம் மாமனும் கூட்டாளிகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். கருவி அவர்கள் காலடியில் கிடந்தது.

"ஆடுங்கள்லாம் பட்டிக்கு வந்துடுச்சிபா" என்றார் மாமன்.

அத்தை என்னைக் கீழே இறக்கினாள். அவருக்கு நேராகப் போய் நின்றாள். மாமன் சிரிப்பை விடாமலே, "ஒரு தமாசுக்குத்தான்க்கா. இன்னாத்துக்கு இப்படி முறைக்கிற?" என்றார்.

"தமாசா?" என்றாள் அத்தை. குரல் உயரவேயில்லை. "கேஜுல மூடிக் கொண்டாருவாங்களே, அப்ப மூஞ்சி இருக்காதுபா. காலுதான் வெளிய தெரியும். எந்தக் காலு எங்க வூட்டுக் காலுன்னு பாக்கத்தான் இப்படி ஓடியாறோம். உன் பொண்டாட்டிகிட்ட கேளு, உன் கால் விரலு எப்படி இருக்கும்னு. நீ சொரங்கத்துல இறங்குற ஆளே இல்ல. அவகூட மனப்பாடம் பண்ணி வெச்சிருப்பா."

மாமி தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமனின் சிரிப்பு தடுமாறியது. தடுமாறிய சிரிப்புக்கு வேறோர் இடம் தேடியவர்போல் பெரியம்மாவைப் பார்த்தார். அவர் மட்டும் வாசல் கம்பியைப் பிடித்தபடி, சுழலும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தார்.

"உனுக்கு யாருக்கா கீழ இருக்காங்க? நீ இன்னாத்துக்கு ஓடியாந்த?"

பெரியம்மா திரும்பினார். "சங்கு ஊதிச்சே, தம்பி" என்றார்.

அதற்கும் ஒருவன் சிரித்தான்.

அன்று மாலை எங்கள் லயனில் பஜனை. ஷிப்ட் முடிந்து வந்த என் தந்தை நடந்ததைக் கேட்டார். மைத்துனனுக்கு விளையாட்டுப் புத்தி என்றார். பெண்கள் வீட்டில் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது என்றும் சொன்னார். கட்டுப் போட்ட முழங்காலோடு என் தாய் சுண்டல் தாளித்தாள். தந்தை பாடினார், மாமன் தாளம் போட்டார். வெள்ளம் பெருகிய ஆற்றின் இக்கரையில் தவித்த மகளுக்காக ஈசனே தாயுருக் கொண்டு விரைந்து வந்த கருணையைப் பாடினார்கள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தாயாகி ஓடிவந்த கடவுளுக்குக் கண்ணீர் விட்ட அதே கண்கள், அன்று காலையில் ஓடிவந்த பெண்களைப் பார்த்து நீர் முட்டச் சிரித்த கண்கள். அந்தப் பாடலை இன்றும் ஓதுகிறேன். அந்த இடம் வரும்போது என் நாக்கில் சயனைட் மண் படிகிறது.

என் தாய் அதன்பின் குன்றேறவில்லை. வாய்விட்டுச் சிரித்ததற்குக் கிடைத்த தண்டனை என்றே கடைசிவரை நம்பினாள். மாமியை மாமன் விடவில்லை. மற்றவர்கள் ஒவ்வொரு காரணம் சொல்லி நின்றுகொண்டார்கள். நீர் ஊற்ற ஆளின்றிக் கன்றுகள் ஒவ்வொன்றாகக் கருகின. ஒன்றுதான் மிஞ்சியது.

அது மிஞ்சியதற்குக் காரணம், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டதுதான். பெரியம்மா வாசலில் தயாராக நின்றிருந்தார், அழைக்க வேண்டியிருக்கவில்லை. நானும் அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். கன்றுக்கு நீர் ஊற்றிவிட்டு உச்சிக்குப் போனோம். அத்தை சுனைக்கு இறங்கியிருந்த நேரத்தில் பெரியம்மா ஷாஃப்ட் இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பி, அசையாமல் உட்கார்ந்திருந்தார். காற்று திசை மாறும்போதெல்லாம் தலையை இலேசாகச் சாய்த்தார். அவருக்கு மறதி வந்துவிட்டது என்று நான் அந்த ஒரு வாரமாக முடிவு செய்து வைத்திருந்தேன். இல்லாவிட்டால், எப்போதோ போய்விட்ட ஒருவருக்காக யாராவது அப்படி ஓடுவார்களா? மாமன் எல்லார் முன்னாலும் அதைக் கேட்டது தவறு. மெதுவாக, மனம் நோகாமல் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று தோன்றியது. அருகில் போய் உட்கார்ந்தேன்.

"பெரிம்மா, உங்களுக்குத்தான் கவலையே இல்ல. இனிமே சங்கு ஊதினாக்கூட நீங்க ஓட வேணாம்."

அவர் என் தலையைத் தம் மடியில் சாய்த்துக்கொண்டார்.

"ஆமா கண்ணு" என்றார்.

பெரியவர்கள் ஒருவரும் சொல்லாத ஆறுதலை அவருக்கு நான் சொல்லிவிட்டேன் என்ற பெருமையோடு, விரல்களை ஊன்றி ஊன்றி, அன்று குன்றிறங்கினேன்.