மச்சானுக்குள் வந்த அம்மாள்

போன வைகாசியில் நடந்தது இது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வெல்லாவெளிப் பக்கம், என் தங்கையின் வீட்டு வளவில்.

தங்கையின் கணவருக்குப் பிறப்பிலிருந்தே இரத்தம் உறையாத நோய். உறைவதற்கு வேண்டிய ஒரு புரதத்தை அவருடைய ஈரல் செய்வதில்லை. அதற்கான மரபணு பழுது. சின்னக் காயத்துக்கும் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வெளியே தெரியாமல் மூட்டுக்குள் கசிந்து கசிந்து ஒரு முழங்கால் மடங்காமலே போய்விட்டது. கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார்.

இந்தியாவில் ஓர் ஆஸ்பத்திரி பரிசோதனையாகச் செய்துவந்த மரபணுச் சிகிச்சைக்கு அவரைத் தெரிவு செய்தார்கள். நானும் கூடப் போனேன். மாவட்டச் செய்தியாளன் என்பதால் என்னிடம் கேள்விகளுக்குக் குறைவில்லை. அங்கிருந்த பெண் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஒரு வைரசின் உள்ளே இருந்ததை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் நல்ல மரபணுவை வைத்திருக்கிறார்கள். அதற்கு இனிப் பெருகத் தெரியாது. ஈரலுக்குப் போகும் வழி தெரியும், அவ்வளவுதான். மருந்து தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. ஒரு பிற்பகலில் இரத்தக்குழாய் வழியே ஏறி முடிந்தது. மச்சான் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றை மட்டும் மருத்துவர் அழுத்திச் சொன்னார். உடம்பு இந்த வைரசை எதிரி என்று எண்ணி, அது போய்ச் சேர்ந்த ஈரல் கலங்களைத் தாக்கலாம். இரத்தப் பரிசோதனையில் அதன் அறிகுறி தெரிந்தால் உடனே குளிசை தொடங்க வேண்டும். தவறவிட்டால் புதிய மரபணு அழிந்துபோகும். மறுமுறை ஏற்றவும் முடியாது. ஒருதரம் கண்ட வைரசை உடம்பு அடுத்தமுறை உள்ளே விடாது.

ஊர் திரும்பிச் சில வாரங்களில் அந்த அறிகுறி தெரிந்தது. குளிசை தொடங்கினார். ஆனால் அடுத்த பரிசோதனையில், இறங்க வேண்டிய ஈரல் நொதியின் அளவு இன்னும் ஏறியிருந்தது. மருத்துவர் என்னை அழைத்து, "மாத்திரை சாப்பிடறாரான்னு நேர்ல போய்ப் பாருங்க" என்றார்.

தங்கை வீட்டு வாசல் படலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. கொப்புளிப்பான் வந்த வீட்டில் அப்படிக் கட்டுவார்கள். அதை நாங்கள் நோய் என்பதில்லை, அம்மாள் வந்திருக்கிறாள் என்போம். அவள் இருக்கும்வரை மீன் பொரிப்பதில்லை, கறி தாளிப்பதில்லை. மருந்தும் கொடுப்பதில்லை, கொடுத்தால் அவள் கோபிப்பாள்.

உள்ளே மச்சான் வெள்ளைச் சீலை விரித்த பாயில் படுத்திருந்தார். உடம்பில் ஒரு கொப்புளமும் இல்லை.

"ஆருக்கம்மா கொப்புளிப்பான்?" என்றேன். தங்கையோடு இருக்கும் என் அம்மாதான் வேப்பிலை கட்டியவர்.

"நல்லாக் கேக்கிறாய் மனே. வைரஸ் ஏத்தினதெண்டு நீதானே சொன்னாய்? கொப்புளிப்பானும் வைரஸ்தானெண்டு பேப்பரில எழுதினதும் நீதான். வந்தவள உள்ளுக்கு வச்சிட்டு மருந்து குடுக்கிறதா?"

மச்சானைப் பார்த்தேன்.

"மாமி சொல்றதிலயும் ஞாயம் இருக்கு மச்சான். வந்தது உள்ளுக்கு நிக்கோணும் எண்டுதானே டொக்டரும் சொன்னவ? பிறகென்னத்துக்கு மருந்தக் குடிச்சுக் கலைக்கிறது?" என்றார் அவர்.

குசினியிலிருந்து தங்கையின் குரல் வந்தது: "குளிசையால நித்திரை இல்ல, முகமும் ஊதிப்போச்சு. அம்மா வேண்டாமெண்டதும் இவருக்கு வாசியாப் போச்சு, குளிசைய விட்டிட்டார்!"

எனக்குக் கோபம் வந்தது. மருத்துவரைக் காணொளியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. அம்மாள் வந்தால் என்னென்ன செய்வீர்கள் என்று அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மாவும் உற்சாகமாகச் சொன்னார். எல்லாம் கேட்டபின் மருத்துவர், "இந்த மாத்திரை அவளைத் துரத்த இல்லம்மா. அவளைத் துரத்த வர்றவங்களை அடக்கி வைக்கத்தான்" என்றார்.

"ஆரு துரத்துற?"

"உங்க மருமகனோட உடம்புதான்."

அம்மா மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அப்ப எப்ப தண்ணி வாக்கிற?" என்று கேட்டார். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு வார்த்துத்தான் அம்மாளை வழியனுப்புவார்கள் என்று நான் மருத்துவருக்கு விளக்கினேன்.

மருத்துவர் சொன்னார்: "அந்த வைரஸ் ஒரு படகு மாதிரி. வந்த படகு கொஞ்ச நாள்ல கரைஞ்சிடும்மா. அது இறக்கின சாமான் மட்டும் ஈரல்ல இருக்கும்."

"அப்ப தோணிய அனுப்புவம், சாமான் நிக்கட்டும்" என்று அம்மா முடிவு சொன்னார். குளிசையையும் தண்ணீரையும் அவரே எடுத்து வந்தார். "புடிங்க மருமகன். இனி முகம் ஊதினாலென்ன, காது ஊதினாலென்ன."

அடுத்தடுத்த பரிசோதனைகளில் அளவு இறங்கியது. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீர் வார்த்தோம். வேப்பிலையும் படலையை விட்டுப் போனது. ஆவணியில் வாவி நண்டு துப்புரவாக்கும்போது மச்சானின் விரலில் கொடுக்கு ஏறியது. நாங்கள் எல்லோரும் அந்த விரலைச் சுற்றி நின்றோம். துணியை வைத்து அழுத்தினார், எடுத்துப் பார்த்தார். "நிண்டிட்டு மாமி" என்றார். அம்மா அழுதுகொண்டே அவரை ஏசினார்: "உங்கள ஆரு நண்டில கை வைக்கச் சொன்ன?"

இது எத்தனை வருடம் நிற்கும் என்று மருத்துவருக்கும் தெரியாது. செய்திக்காகப் போகிற இடங்களில் யாராவது மருந்து வேண்டாம் என்று சொன்னால், 'மறுத்தார்' என்று எழுதுவதற்கு முன், தன் உடம்புக்குள் யார் வந்திருப்பதாக அவர் நினைக்கிறார் என்று இப்போதெல்லாம் கேட்டுப் பார்க்கிறேன்.