டிராக்டருக்கு வழிவிடாத புங்கமரம்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத வந்ததைப் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள். கரு கலைந்த கதை என்றாலும் அழவைக்க எழுதவில்லை. எங்கள் வார்டே சிரித்த ஒரு மத்தியானம் இது.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிறேன். ஐந்து மாதம், ஆறு மாதத்தில் கலைந்துவிட்டால், பிள்ளையை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிடலாம். கையெழுத்துப் போட்டு வாங்கிப்போய்ப் புதைக்கவும் செய்யலாம். அதை முடிவு பண்ணுவது வெளியே நிற்கிற ஆண்கள்தான். நான் போர்வை மடிக்கிற சாக்கில் படுத்திருப்பவளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வராது.

அன்று வந்தவள் கச்சிராயபாளையம் பக்கம். முதல் பிள்ளை, ஐந்தாம் மாதம்.

"ஒருவாட்டி பாக்கணும்க்கா. எங்க வெக்கறாங்கன்னு எனக்குத் தெரியணும். அவ்ளோதான்."

கேட்டது ரெண்டே ரெண்டு. ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் வேறு. ஆண்கள் எடுத்துப்போவார்கள். பெற்றவள் பார்க்கவும் கூடாது, இடத்தைக் கேட்கவும் கூடாது. தெரிந்தால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாளாம், அடுத்தது தங்காதாம்.

தலைமாட்டில் நின்ற மாமியாருக்குக் காதில் விழுந்துவிட்டது.

"இன்னா ஆயாம்மா, நீ வேற கெளப்பி வுட்டுக்கினு! நானும்தான் மொதல்ல ஒண்ண இப்படிக் குடுத்தேன். எங்கன்னு கேட்டனா? முப்பது வருசமா நல்லாத்தான இருக்கறேன்?"

அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் போர்வையைப் பார்த்துச் சொன்னேன்: "கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களோ என்னமோ."

ஆண்கள் உள்ளே வரக் கூடாது. மாமனார் ஜன்னலுக்கு வெளியே டீ டம்ளரோடு நின்றிருந்தார். அங்கிருந்தே மெதுவாகச் சொன்னார்:

"புங்கமரத்தாண்ட."

"இன்னா புங்கமரம்?"

"நம்ம கழனி மூலைல கீதே, அதான். அங்கதான் வெச்சேன். அடையாளத்துக்குக் கன்னு ஒண்ணு நட்டேன்."

மாமியார் தலைமாட்டை விட்டு ஜன்னலுக்குப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"யோவ்! அந்த மரத்த வெட்டு வெட்டுன்னு வருசா வருசம் தொண்ட கிழியக் கத்தினனே! கரும்பு லோடு டிராக்டர் திரும்ப எடமில்லன்னு டிரைவருங்க என்னத்தான திட்டுவானுங்க?"

"அதான் வெட்டலியே."

"சொல்றதுக்கு இன்னா, வாயில்லியா?"

"பெத்தவகிட்ட சொல்லாதன்னு உங்கம்மாதான் சத்தியம் வாங்கிச்சு."

பக்கத்துக் கட்டில்காரிதான் முதலில் சிரித்தாள். "ஏம்மா, மரத்தையும் திட்டிக்கினு, தெனமும் அது நெழல்லதான சோறு துன்னிருப்ப?"

"ஆமா, வேற எங்க நெழல் கீது?" என்றவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளும் இந்தப் பக்கம் திரும்பி, "அத்தை, சிரிக்க வெக்காதீங்க, வயிறு வலிக்குது" என்றாள்.

அப்புறம் யாரும் எதுவும் தடுக்கவில்லை. நர்ஸம்மா பேப்பர் கொண்டுவந்தார், அவளே கையெழுத்துப் போட்டாள். பிள்ளையைத் துவைத்த வெள்ளைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தேன். மாமியாரும் குனிந்து பார்த்து, "வெரலப் பாரு, எம்மாம் நீளம்" என்றார்.

பால் கட்டினால் பயப்பட வேண்டாம், பிழிந்துவிட வேண்டாம், காய்ச்சல் வந்தாலோ ரத்தம் ஜாஸ்தியாகப் போனாலோ உடனே வரணும் என்று சொன்னேன். மாமியார் விரல் விட்டு எண்ணித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

பிள்ளையை வாங்கிக்கொண்டு மாமனாரோடு கழனிக்குப் போயிருந்த அவள் புருஷன் சாயங்காலம் போன் செய்தான். "மரத்துக்குக் கெழக்கால ரெண்டடி" என்றான். அவள் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். மாமியார் போனைப் பிடுங்கினார். "கன்னு ஒண்ணு நட்டு வெய்ங்கடா. ஆனா வரப்போரமா வெய்ங்க. டிராக்டர் திரும்பணும்!"

மறுநாள் பத்து மணிக்கு டிஸ்சார்ஜ் ஆனது. வீட்டுக்கு இல்லை, கழனி ஸ்டாப்பிங்குக்கு டிக்கெட் எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டு மாமியாரும் மருமகளும் பஸ்ஸுக்குப் போனார்கள். நான் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன்.