பட்டப்பகலில் எரிந்த ஹெட்லைட்

காரை ஸ்டார்ட் செய்ததும் ஹெட்லைட் தானாக எரிகிறது என்று இப்போது ஷோரூமில் பெருமையடிக்கிறார்கள். அறுபதுகளிலேயே புதுக்கோட்டையில் நான் அதைச் செய்துவிட்டு, வேலை போய்விடுமே என்று நடுங்கியவன்.

ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்து ஒரு மாதம். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்து ரைஸ்மில்காரர் வந்தார். லைட்டை அணைக்க மறந்து, பேட்டரி இறங்கி, காலையில் ஆள் வைத்துக் காரைத் தள்ளுகிற மனிதர்.

"சாவிய எடுத்தா லைட்டும் அணையணும் தம்பி. அப்படிப் பண்ணிக் குடுங்க."

லைட் சுவிட்சும் தேய்ந்திருந்தது. புதியது மதுரையிலிருந்து வரும்வரை, ஒயரை நேராக இக்னிஷனில் கொடுத்தேன். சாவி போட்டால் எரியும். செல்ஃப் அடிக்கையில் மங்கும். இஞ்சின் பிடித்ததும் பளிச்சென்று ஆகும். பகலிலும் எரியும் என்று சொல்லத்தான் மறந்துபோனேன். வெயிலில் அது ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

எங்கள் ஊர்க்காரர்கள் பகலில் லைட் எரிகிற வண்டியைச் சும்மா விடமாட்டார்கள். ஐந்து விரலையும் விரித்து மூடி, விரித்து மூடிக் காட்டுவார்கள்.

ஒரு வாரத்தில் மில்காரர் பூரித்துப்போய் வந்தார். "ஊரே எனக்குக் கையாட்டுது தம்பி! பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல நிக்கப்போறேன். நாளைக்கு நாமினேஷன்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஒர்க்‌ஷாப் மேஸ்திரி காதைக் கடித்தார்: "வாயத் தொறந்தே, நாளைக்கு வேலைக்கு வராத."

"நீங்களே வந்து பாருங்க" என்று மில்காரர் என்னைக் காரில் ஏற்றினார். வழியெல்லாம் விரல்கள் விரிந்து மூடின. அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரு கையாலும் கும்பிட்டார். நான் கும்பிட்டது சாமியை.

மாட்டுவண்டிக்காரர் ஒருவர் குறுக்கே நிறுத்தினார். "பகல்ல லைட்டப் போட்டுக்கிட்டு வாரீங்களே, மாடு மெரளுதுங்க! நானும் தெனம் கையக் காட்டுறேன், நீங்க கும்பிடு போட்டுட்டுப் போறீங்க."

மில்காரர் இறங்கி முன்னால் போய்ப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அப்ப நாமினேஷன் வேணாம்" என்றார்.

"ஏன், நில்லுங்க" என்றார் வண்டிக்காரர். "கார்ல போறவுக வேற யாரு எங்களப் பாத்துக் கும்புட்டாக?"

நின்றார், ஜெயித்தார். என் வேலையும் தப்பித்தது. அன்றிலிருந்து எந்த லைட் போட்டாலும், வெயிலில் ஒருமுறை காரின் முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். நீங்களும் பாருங்கள்.

புது சுவிட்ச் மாட்டியபின் அவருக்கு யாரும் கை காட்டவில்லை. அவர்தான் கும்பிடுவதை நிறுத்தவில்லை.