அமெரிக்கக் குடிமக்களுக்கான பக்கம்

சில ஆண்டுகளுக்கு முன், குவைத்தில் மருத்துவமனையில் கிடந்த என் தம்பிக்கு இனி ஒரு வாரம் கடப்பதே அரிது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், அமெரிக்காவின் எடிசன் நகரில் மகன் வீட்டில் இருந்தேன். மகன் உடனே இருவருக்கும் பயணச்சீட்டு எடுத்தான்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை, அமெரிக்க அரசு குவைத்துப் பயணிகளுக்கு வெளியிட்டிருந்த அறிவுரைகளை மடிக்கணினியில் திறந்து எங்களுக்குப் படித்துக் காட்டினான். எல்லைப்புறம் செல்லாதீர்; அரசுக் கட்டடங்களைப் படம் எடுக்காதீர்; மருந்துகளுக்கு மருத்துவர் கடிதம் வைத்திருங்கள். தம்பி தன் வாழ்நாளில் பாதியைக் கழித்த ஊரைப் பற்றி இப்படியோர் அச்சுறுத்தலைக் கேட்பது விந்தையாக இருந்தது.

தம்பி வீட்டுக்கென்று மருமகள் குருமாப் பொடி அரைத்து வைத்திருந்தாள்.

“அதுல கசகசா இருக்கா?” என்றான் மகன்.

“இல்லாம குருமாவா? ஏன்?”

“அங்க அது ட்ரக்ஸ். அப்பாவ உள்ள தூக்கி வெச்சுடுவான்.”

“மாமா ஜெயிலருக்கே இலக்கணம் எடுப்பார். ரெண்டே நாள்ல ரிலீஸ் பண்ணிடுவாங்க.”

பல நாள்களுக்குப் பின் அவ்வீட்டில் சிரிப்பொலி கேட்டது. பொடி பெட்டியிலிருந்து வெளியேறியது.

நுழைவிசைவு குறித்துக் கேட்டேன். “இறங்கினதும் அங்கயே விசா குடுத்துடுவான்பா. ஒரு பிரச்சனையும் இல்ல” என்றான்.

நூவார்க் வானூர்தி நிலையத்தில் பெட்டிகளைப் பெற்றுக்கொள்ளும் பெண், மகனின் கடவுச்சீட்டை உடனே திருப்பித் தந்தாள், என்னுடையதைத் தரவில்லை. வீட்டில் அனைவரும் அமெரிக்கக் குடிமக்களாகியிருந்தனர். நான் மட்டும் இந்தியக் கடவுச்சீட்டோடும் கிரீன் கார்டோடும் நின்றுவிட்டவன். இந்தியர் முன்கூட்டியே இசைவு பெற்றிருக்க வேண்டும், இல்லையேல் ஏற்ற இயலாது என்று அவள் பொறுமையாக எடுத்துரைத்தாள். மகன் மீண்டும் மீண்டும் ஏதோ கேட்டான். விடை மாறவில்லை.

“அப்பா, நான் யூஎஸ் சிட்டிசன்ஸுக்குப் போட்டிருந்த பேஜத்தான் பார்த்தேன். உங்களுது தனின்னு தோணவே இல்ல.”

எனக்கும் தோன்றவில்லை. கசகசா வரை எண்ணிப் பார்த்த குடும்பம் அது.

“நீயாவது போ” என்றேன். சிற்றப்பனை இருமுறையே கண்டிருந்த அவன் உள்ளே சென்றான். உடன்பிறந்த நான் வெளியே நின்றேன்.

எங்களை வழியனுப்ப வந்திருந்த மருமகளே என்னைத் திரும்ப அழைத்துச் சென்றாள். இசைவுக்கு விண்ணப்பித்தாலும் அது தம்பியின் நாள்களுக்குள் வாராது என்பதை இருவரும் அறிந்திருந்தோம். நெடுஞ்சாலையில் செல்கையில் தம்பி மகள் அழைத்தாள்.

“பெரியப்பா, ஏறிட்டீங்களா? அப்பா கண்ணத் திறக்கறப்பல்லாம் அண்ணா எங்கன்னு கேக்கறார். என்ன சொல்லட்டும்?”

மருமகள் சாலையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“கிளம்பிட்டேன்னு சொல்லும்மா” என்றேன்.