மடியில் வந்த மேப்பிள்

நனைந்த சாக்கின் வாசனை...

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டின் புழுதிக்கும் டீசல் புகைக்கும் நடுவில், என் மனைவி ரீட்டாவின் மடியிலிருந்து மட்டும் மழை பெய்து ஓய்ந்த மலையின் வாசனை வந்துகொண்டிருந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம். அவள் பிறந்து வளர்ந்தது கொடைக்கானல். அப்பா அங்கே ஒரு பங்களாத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அம்மாவும் அண்ணனும் இருக்கிற பிறந்த வீட்டுக்குப் போனவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். திரும்பும்போது அவள் ஒரு செடியின் வேரை ஈரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே மலையிறங்கினாள்.

திண்டுக்கல் பஸ்ஸில் கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்னக்கா, ரோசாச் செடியா?"

"இல்லண்ணே, ஜப்பான் மேப்பிள். தொங்குற வகை."

"ஜப்பான்ல இருந்தா வருது? அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் போட வேண்டியதுதான்."

பஸ்ஸே சிரித்தது. ரீட்டா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செடியின் மேல் வெயில் படாமல் மூடினாள்.

முழங்கால் உயரம்தான் இருந்தது. கிளைகள் மேலே போகாமல், குளித்துவிட்டு உலர விட்ட கூந்தலைப் போலக் கீழே வழிந்தன. கத்தரியால் மெல்ல மெல்லக் கீறிவிட்டது போன்ற இலைகள். பீட்ரூட் சாற்றின் நிறம்.

திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரில் எனக்கு மோட்டார் வைண்டிங் பட்டறை. சுற்றுப்பட்டு ஊர்களில் எரிந்துபோகிற போர் மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டுவது என் பிழைப்பு. செடி என்றால் எனக்குக் கறிவேப்பிலை தெரியும், அவ்வளவுதான். அவள்தான் வீட்டுக்குக் கிழக்கே, காலை வெயில் மட்டும் விழுகிற மூலையாகப் பார்த்துக் குழி எடுத்தாள். செம்மண், மட்கிய சாணம், மேலே தென்னை நார்.

மார்கழிக் காலைகளில் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் டீ குடிப்போம். காற்றே இல்லாதபோதும் அந்த இலைகள் மட்டும் லேசாக ஆடும்... பார்த்துக்கொண்டே இருந்தால் பட்டறைக்குப் போக மனசு வராது.

"எங்க ஊருல இது எல்லா இலையையும் உதுத்துட்டுக் குச்சியா நிக்கும். செத்துப்போச்சுன்னு நெனைப்போம். திடீர்னு ஒருநா காலையில பாத்தா குட்டிக் குட்டிக் கையா நீட்டிக்கிட்டிருக்கும்" என்பாள்.

எங்கள் ஊரில் அது இலையை முழுசாக உதிர்க்கவில்லை. தூங்குவதற்கு அதற்குக் குளிர் வேண்டுமாம்.

பங்குனி பிறந்தது. இலைகளின் ஓரம் பழுத்துச் சுருண்டது. போர் தண்ணீரின் உப்பு வேறு. பச்சை வலை கட்டினேன். சுவரில் ஈரச்சாக்கு தொங்கவிட்டேன். குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளில் அதற்கென்று இரண்டு குடம் தனியாகப் பிடித்து வைத்தேன். என் அம்மா பார்த்துவிட்டு, "ஏலே, குடிக்கவே தண்ணியக் காணோம், சீமைச் செடிக்கு ஊத்துறியா?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, நான் இல்லாத நேரத்தில் அவரும் ஊற்றினார்.

ரீட்டா சாப்பிடுவது குறைந்துகொண்டே வந்தது. பேச்சும்தான். ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். கொளுத்துகிற வெயிலில் அவள் செடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பனை விசிறியால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கைலியெல்லாம் கிரீஸோடு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் இப்பிடித்தாங்க இருக்கு" என்றாள். அப்புறம் அழுதாள்.

நான் விசிறியை வாங்கி அவளுக்கு விசிறினேன். விசிறிக்கொண்டே சொன்னேன்: "செடியக் கொண்டுபோயி உங்கண்ணன் வீட்டுல வச்சிருவோம். நீயும் ரெண்டு மாசம் இருந்துட்டு வா."

"திரும்பி வரலேன்னா?"

"நான் அங்கன வந்து பட்டறை போட்டுக்கிறேன்."

"மலையில யாரு போர் போட்டு மோட்டார எரிக்கப்போறா?"

அத்தனை அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே பயமாக இருந்தது.

மறுநாளே கிளம்பினோம். அவள் அண்ணன் வீட்டுச் சரிவில், தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து நட்டோம். மறுநாள் நான் மட்டும் பஸ் ஏறினேன். வழியனுப்ப அவள் ஸ்டாண்டுக்கு வரவில்லை. சண்டையில்லை, கோபமும் இல்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தள்ளி உக்காருங்க."

பையோடு நின்றாள். ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"செடிதான் அங்கன வேகுது. அது இங்கயே இருக்கட்டும். வெயில நான் சமாளிச்சுக்கிறேன்."

தள்ளி உட்கார்ந்தேன். மலையிறங்க இறங்கச் சூடு ஏறியது. அவள் என் தோளில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

பதினாறு வருஷம் ஓடிவிட்டது. செடி வைத்த கிழக்கு மூலையில் இப்போது சிமெண்ட் தளம், என் பைக் நிற்கிறது. பட்டறையில் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். இப்போதெல்லாம் போனில் ஆர்டர் போட்டால் மேப்பிள் கன்று வீட்டு வாசலுக்கே வருகிறதாம். போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார், நம்மூரில் வருமா என்று. வராது என்று சொல்ல வாய் வரவில்லை. நிழலில் வையுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றுங்கள் என்றேன். விசிறி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தேன்...

மலையில் எங்கள் மேப்பிள் இன்று என் தலைக்கு மேல் போய், அங்கிருந்து தரை வரைக்கும் வழிகிறது. எங்கள் மகள் உள்ளே புகுந்துகொண்டால் ஆளே தெரியாது. போன மாதம் போயிருந்தபோது ரீட்டா அதன் உள்பக்கம் காய்ந்த குச்சிகளை ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டிருந்தாள். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அண்ணன் இன்னொரு நாள் இருக்கச் சொன்னார்.

கையைத் தட்டிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"வாங்க, பஸ் போயிரும். வீட்டுக்குப் போவோம்."

பிறந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னாள்.